டியூட்டியில் இல்லாதவள்

ஜூலை 4

சுண்டெலிக்கு,

வீடு வந்து சேர்ந்து பத்து நாள் ஆச்சு. இங்க நடக்கறதைப் போன்லயே சொல்லலாம்தான். ஆனா போன் போட்டா நீ அழற, உன் சத்தம் கேட்டு நான் அழறேன், ரெண்டு பேரும் மூக்கை உறிஞ்சிட்டு வெச்சிடறோம். ஒரு விஷயமும் பேசி முடியல. அதனால மெயில்லயே எழுதறேன். எழுதும்போது அழுதா எனக்கு மட்டும்தானே தெரியும்.

ஏர்போர்ட்ல சக்கர நாற்காலியில உக்கார வெச்சு, வரிசையில நிக்க விடாம மகாராணி மாதிரி வெளியே தள்ளிட்டு வந்தாங்க. அம்மா என்னைத் தாண்டிப் பின்னாடி வர்றவங்க முகத்தையே தேடிட்டு இருந்தாங்க. நடந்து வர்ற பொண்ணைத்தானே தேடுவாங்க. அப்பாதான் முதல்ல பாத்தாரு. பாத்துட்டு, பெட்டி எங்கன்னு கேட்டாரு. அவ்வளவுதான் பேச்சு.

முழங்கால்ல தகடு இருக்கு. அங்க பண்ணின ஆபரேஷன் எலும்பைச் சேர்த்து நிறுத்தறதுக்கு மட்டும்தானாம். உள்ள கிழிஞ்ச நாரை இழுத்துத் தைக்க இன்னொண்ணு பண்ணணும். அதைத் தள்ளிப் போட்டா மூட்டு இறுகிடும், அப்புறம் பண்ணியும் பிரயோஜனம் இல்லன்னு இங்க டாக்டர் சொல்லிட்டாரு. வேலைக்குப் போற வழியில அடிபட்டா மொத்த வைத்தியத்தையும் இன்சூரன்ஸ்ல பாத்துக்குவோம்னு வெளிநாட்டு ஹோட்டல் டிரெய்னிங் திட்டத்துல கிளம்பறதுக்கு முன்னாடி காலேஜ்ல படம் போட்டுக் காட்டினாங்களே, அதை நம்பி எழுதிப் போட்டோம். நேத்து பதில் வந்துச்சு. அன்னிக்கு டியூட்டி லிஸ்ட்ல என் பேர் இல்லையாம். சொந்த விஷயமா சைக்கிள்ல சுத்தப் போனப்ப அடிபட்டதாம்.

நடந்தது உனக்குத் தெரியாதது இல்ல. இருந்தாலும் எழுதறேன். எழுதினாத்தான் எனக்கே அது நடந்த மாதிரி இருக்கு. அன்னிக்கு ஹோட்டலோட அக்கரை ரெஸ்டாரண்ட்ல ஷிப்ட் உன்னோடது, லாண்டரியிலேருந்து உன்னைத்தான் போட்டிருந்தாங்க. உனக்குக் காய்ச்சல், போர்வைக்குள்ள நடுங்கிட்டு இருந்தே. நான்தான் மேனேஜர் மேடம்கிட்ட போய், அவளால முடியாது, நான் போறேன்னு சொன்னேன். சரி, லிஸ்ட்டெல்லாம் மாத்த வேண்டாம், நீ போ, அக்கரை ரெஸ்டாரண்ட்ல காலைச் சாப்பாட்டுக்குக் கூட்டம் வந்துடும்னாங்க. வேன் இல்ல, கல்யாணத்துக்கு வந்தவங்களை ஸ்டேஷன்ல விடப் போயிருக்கு, ஷெட்டுல சைக்கிள் இருக்கு, எடுத்துக்கோன்னாங்க. நான் திரும்பி வந்து ஏப்ரனை எடுக்கும்போது உன்கிட்ட சொன்னேன். நீ, மழையா இருக்கேக்கான்னே. பெரிய ரோட்டுல பின்னாடி வந்த கார் இடிச்சுட்டு நிக்காம போயிடுச்சு. பையில இருந்து ஏப்ரன் வெளியே விழுந்து நனைஞ்சிட்டு இருந்தது வரைக்கும் ஞாபகம் இருக்கு. ஏப்ரன் எடுத்துக்கிட்டு ஊர் சுத்தப் போறவ யாரு?

இது தெரிஞ்சவங்க மூணே பேரு. மேனேஜர் சொல்ல மாட்டாங்க. நான் சொன்னா செல்லாது. மிச்சம் நீதான். திட்டத்தோட கோஆர்டினேட்டருக்கு நாலு வரி எழுதிப் போடு. உனக்குக் காய்ச்சல், உனக்குப் பதிலா அக்கா போனா, மேனேஜர் சொல்லித்தான் போனா. அது போதும்.

காய்ச்சல் முழுசா விட்டுச்சா? ஈரத் துணிக்கு நடுவுல ரொம்ப நேரம் நிக்காதே.

அக்கா


ஜூலை 9

அக்காவுக்கு,

மெயிலைப் பாத்த உடனே பதில் எழுதணும்னுதான் இருந்தேன். நாலு தடவை ஆரம்பிச்சு அழிச்சுட்டேன்.

நான் நல்லா இருக்கேன். லாண்டரியில இப்ப இல்ல. மேடம் என்னை ரிசப்ஷனுக்கு மாத்திட்டாங்க. ஏன்னு கேக்காதே, எனக்கும் தெரியல. கருப்புக் கோட்டு கொடுத்திருக்காங்க, தோள் ரெண்டும் எனக்கு வெளியே தொங்குது. உன் கட்டிலுக்கு வேற ஒரு பொண்ணு வந்துட்டா. நீ ஜன்னல்ல காயப் போட்டிருந்த சாக்ஸை நான் எடுத்து வெச்சிருக்கேன்.

அக்கா, கோஆர்டினேட்டர் நீ எழுதறதுக்கு முன்னாடியே போன் பண்ணிட்டாரு. மேடம் ரூமுக்கு என்னைக் கூப்பிட்டு ஸ்பீக்கர்ல போட்டாங்க. அவரு, அன்னிக்கு உங்க அக்கா உங்களுக்குப் பதிலா வேலைக்குப் போனாங்களான்னு கேட்டாரு. மேடம் என்னைப் பாக்கவே இல்ல. பேப்பருக்கெல்லாம் பின் அடிச்சுட்டு இருந்தாங்க. நான், எனக்குச் சரியாத் தெரியாது, காய்ச்சல்ல தூங்கிட்டு இருந்தேன்னு சொல்லிட்டேன். தூங்கினது உண்மைதானே அக்கா. நீ கிளம்பின உடனே நான் தூங்கிட்டேன்.

உனக்குக் கோவம் வரும்னு தெரியும். ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாரு. எழுதி வாங்காம ஷிப்ட் மாத்தினா ரெண்டு பேரையும் வேலையிலேருந்து எடுத்துடுவோம்னு முதல் நாளே படிச்சுக் காட்டினாங்க. எடுத்துட்டா உடனே ஊருக்கு அனுப்பிடுவாங்க. நான் பாதியில திரும்பி வந்தா எங்க அப்பா என்ன பண்ணுவாருன்னு என்னை விட உனக்கு நல்லாத் தெரியும். ஒழுங்கா முடிச்சு சர்டிபிகேட்டோட வந்தா வேலைக்குப் போலாம், இல்லன்னா அந்த வரனுக்குச் சரின்னு சொல்லிடுவேன்னு உன் முன்னாடிதானே சொன்னாரு. நீதானே, சித்தப்பா, நான் கூட இருக்கேன், நான் பாத்துக்கறேன்னு சொல்லி என்னை அனுப்ப வெச்சே. இப்ப நீ கூட இல்ல.

எனக்குக் கொஞ்சம் டைம் கொடு. நான் சொல்ல மாட்டேன்னு சொல்லல.

பெரியம்மாவுக்கு என் மேல கோவமா?

உன் தங்கச்சி


ஜூலை 11

சுண்டெலி,

தூங்கிட்டு இருந்தியா. நல்லது. நான் ஏப்ரனை மடிச்சப்ப, இடது பக்கம் கயிறு அறுந்திருக்கு, ஊக்கு குத்திக்கோன்னு தூக்கத்துலயா சொன்னே?

எனக்குக் கோவம் வரல. வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். உன் மெயிலைப் படிச்சுட்டு உனக்காக நானே ஒரு காரணம் தேட ஆரம்பிச்சுட்டேன். பாவம், சின்னப் பொண்ணு, தனியா இருக்கா, அந்த அம்மா எதிர்ல உக்காந்திருக்கும்போது என்ன பண்ணுவான்னு. உன்னை விட எனக்கு ஒரு வயசுதான் கூட. எப்பப் பாத்தாலும் நான்தான் பெரியவளா இருக்கணும்.

இங்க நடக்கறதைச் சொல்றேன், கேட்டுக்கோ. இன்சூரன்ஸ்காரங்க பதிலை அப்பா வேலை பாக்கற பஸ் டிப்போவுக்கு எடுத்துட்டுப் போய், நல்லா இங்கிலீஷ் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட காட்டிப் படிக்கச் சொல்லியிருக்காரு. அவரு, உங்க பொண்ணு வேலை நேரத்துல இல்ல, வெளிய சுத்தப் போயிருக்கான்னு எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்காரு. வீட்டுக்கு வந்து கையில இருந்த கிரீஸைக் கூடக் கழுவாம என் முன்னாடி நின்னு, கூட யார் வந்தான்னு கேட்டாரு. யாரும் வரலப்பா, வேலைக்குத்தான் போனேன்னேன். பொய் சொல்றதுக்கு அவங்களுக்கு என்ன அவசியம்னாரு. அதுக்கப்புறம் என்கிட்ட பேசறதில்ல. நான் ஹால்ல இருந்தா அவர் வாசல்ல, நான் வாசலுக்கு வந்தா அவர் உள்ளே. நான் இப்ப வேகமா நடக்க முடியாதா, அவருக்கு அது ரொம்ப சௌகரியமா இருக்கு.

உன் அப்பா உன்னை உடனே திரும்பி வரச் சொல்லணும்னு போன வாரம் இங்க வந்து குதிச்சாரு. சித்தப்பா, அவ நல்லாத்தான் இருக்கா, எனக்கு ஆனதுக்கு அவளை ஏன் கூப்பிடணும்னு காலை நீட்டிப் போட்டுக்கிட்டு நான்தான் பேசினேன். உனக்கு டைம் வேணும்னா அது என் முழங்கால்லேருந்துதான் எடுக்கணும். வேற எங்கயும் இல்ல.

எழுது. இன்னிக்கே எழுது.

அக்கா


ஜூலை 26

அக்காவுக்கு,

தப்பா நினைக்காதே. சீசன் உச்சத்துல இருக்கு. ரூம் எல்லாம் நிரம்பிடுச்சு, குளிக்கக் கூட நேரம் இல்லாம ஓடிட்டு இருக்கோம்.

எழுதிட்டேன்னு சொல்லணும்னு ஆசையா இருக்கு. எழுதி வெச்சிருக்கேன், அனுப்பல. ரெண்டு தடவை அனுப்பப் போய் நிறுத்திட்டேன். போன வாரம் மேடம் என்னை அவங்க கார்ல டவுனுக்குக் கூட்டிட்டுப் போய் ஷூ வாங்கிக் கொடுத்தாங்க. நாள் பூரா நிக்கிற பொண்ணு இந்தச் செருப்பைப் போட்டா கால் என்னத்துக்கு ஆகும்னாங்க. அவங்க வாயிலேருந்து கால்னு வந்ததும் நான் குனிஞ்சுக்கிட்டேன். அவங்க கெட்டவங்களான்னு எனக்குத் தெரியலக்கா. உன்னைப் பத்தி ஒரு தடவைகூடப் பேசல. நானும் பேசல. ரெண்டு பேரும் உன்னைப் பேசாம இருக்கறதுலயே நாள் ஓடுது.

பெரியம்மா போன் பண்ணினாங்க. ரிசப்ஷன்ல ஆள் நின்னுட்டு இருந்தாங்க, எடுத்திருக்கக் கூடாது, எடுத்துட்டேன். திட்டுவாங்கன்னு நினைச்சேன். திட்டல. நீ சாப்பிட்டியாம்மான்னு கேட்டுட்டு, அப்புறம் அழுதாங்க. கண்ணு, நீ ஒரு வார்த்தை சொன்னா போதும்மான்னாங்க. எதிர்ல ஒருத்தர் சாவி கேட்டு நிக்கிறாரு. நான் சிரிச்ச முகமா சாவியை எடுத்துக் கொடுத்துட்டு, சரி பெரியம்மான்னேன்.

வேற வழி ஒண்ணு யோசிச்சேன். என் சம்பளத்தை அப்படியே உனக்கு அனுப்பிடறேன். அதை வெச்சு ஆபரேஷன் பண்ணிக்க முடியுமா? பத்தாதுன்னு தெரியும். இருந்தாலும் கேக்கறேன்.

சீசன் கடைசியில சர்டிபிகேட் கொடுப்பாங்க. அது கையில வந்த உடனே சொல்லிடறேன். சத்தியமா. அதுவரைக்கும் பொறுத்துக்கோ. நம்ம காலேஜ்லேருந்து இந்தத் திட்டத்துல இங்க வந்தது நாம ரெண்டு பேரும்தான். ஒருத்தியாவது முழுசா முடிக்க வேண்டாமா?

தங்கச்சி


ஜூலை 28

ஒருத்தியாவதுன்னு எழுதியிருக்கே. அந்த ஒருத்தி யாருன்னு நீயே முடிவு பண்ணிட்டே.

சம்பளம் அனுப்பாதே. அனுப்பினா திருப்பி அனுப்பிடுவேன்.

எங்க அம்மா உங்க அம்மாகிட்ட பேசறதை நிறுத்தியாச்சு. நேத்து உங்க அம்மா வந்தாங்க, எங்க அம்மா கதவைத் திறந்துட்டு, தண்ணி வேணுமான்னு வெளி ஆளைக் கேக்கற மாதிரி கேட்டாங்க. சித்தி குடிக்காமலே போயிட்டாங்க. கூடப் பொறந்தவங்க ரெண்டு பேரும் இத்தனை வருஷத்துல சீப்புக்குக் கூடச் சண்டை போட்டிருக்காங்க, ஆனா பேசாம இருந்ததே இல்ல.


ஆகஸ்ட் 17

உன்கிட்டேருந்து ஒண்ணும் வரல. நானும் எழுதக் கூடாதுன்னுதான் இருந்தேன். இன்னிக்கு வேற யாருகிட்ட சொல்றதுன்னு தெரியல.

பெரிய ஆஸ்பத்திரியில பேர் கொடுத்துட்டு முறை வர்றதுக்காகக் காத்துட்டு இருக்கோம். இலவசம்னா முறைப்படிதான் கூப்பிடுவாங்க. எனக்கு முன்னாடி நிறைய பேர் இருக்காங்க, எல்லாருக்கும் வலிக்குது, யாரைத் தள்ளிட்டுப் போறது. அதுவரைக்கும் ஒரு பிசியோதெரபி பொண்ணு வந்து காலை மடக்கிப் பாக்குறா. அவ மடக்கும்போது நான் அவ தோளைப் பிடிச்சுக்குவேன். முதல்ல தினமும், இன்னிக்குக் கொஞ்சம் கூட மடங்குதுக்கான்னு சொல்லிட்டு இருந்தா. இப்பல்லாம் வெயிலைப் பத்திப் பேசறா.

நேத்து காலேஜ்ல நமக்குச் சமையல் சொல்லித் தந்த கிச்சன் சார் பாக்க வந்தாரு. வந்தவர் முதல்ல என் காலைப் பாத்தாரு, அப்புறம் என் முகத்தைப் பாத்தாரு, அப்புறம் நேரா விஷயத்துக்கு வந்துட்டாரு. ஹோட்டல் கிச்சன்ல ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் நிக்கணும்னு உனக்கே தெரியும்மா, இனிமே அக்கவுண்ட்ஸ் பக்கம் மாறிடுன்னாரு. சார், ஸ்டூல் போட்டு உக்காந்து சமைக்கக் கூடாதான்னு கேட்டேன். சிரிப்புக்குத்தான் கேட்டேன். அவரு சிரிக்கல. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டே இருந்தாரு.

அடுப்பு முன்னாடி நிக்கிறப்ப மட்டும்தான் நான் யாருக்கும் அக்காவாவோ பொண்ணாவோ இல்லாம நானா இருப்பேன். இதை உன்கிட்ட எப்பவாவது சொல்லியிருக்கேனா, தெரியல. அங்க அக்கரை ரெஸ்டாரண்ட்ல ஒரு தடவை குக் வராதப்ப, நான் ஒருத்தியே காலைக் கூட்டத்தைச் சமாளிச்சேன். எல்லாத் தட்டும் போனதுக்கப்புறம் பின்வாசல் படியில உக்காந்தேன். கையெல்லாம் மாவு, எண்ணெய். ஆனா அப்படி ஒரு சந்தோஷம். இனிமே அது கிடையாது. உன்னைக் குத்தம் சொல்ல எழுதல. யாருகிட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சு. அந்த ரெஸ்டாரண்ட்டை என்னைத் தவிரத் தெரிஞ்சவ நீ ஒருத்திதான்.


செப்டம்பர் 5

அக்காவுக்கு,

சொல்லிட்டேன்.

முதல்ல நடந்ததைச் சொல்றேன், அப்புறம் திட்டிக்கோ. சீசன் முடிஞ்சதும் மேடம் எல்லாருக்கும் சாப்பாடு போட்டு, கைகுலுக்கி சர்டிபிகேட் கொடுத்தாங்க. வாங்கினதும் அதைப் பையில வெச்சுக்கிட்டு நேரா பஸ் ஏறி கோஆர்டினேட்டர் ஆபீஸுக்குப் போனேன். அவரு சின்ன வயசுக்காரரு, நல்லாத்தான் பேசினாரு. எல்லாத்தையும் சொன்னேன். உன்கிட்ட ஊக்கு குத்திக்கச் சொன்னதைக்கூடச் சொன்னேன். அவரு எழுதிக்கிட்டே வந்தவர் நிறுத்திட்டு, அன்னிக்கு நான் போன்ல கேட்டப்ப தெரியாதுன்னு சொன்னீங்களேன்னாரு.

"பயமா இருந்துச்சு"ன்னேன்.

"இப்ப பயம் இல்லையா?"

"இப்ப சீசன் முடிஞ்சு போச்சு."

நான் சொன்னது எனக்கே எப்படிக் கேட்டுச்சுன்னு உனக்கு எழுத முடியலக்கா. அவரு பேனாவை மூடி வெச்சுட்டாரு.

என் எதிர்லயே மேடத்துக்குப் போன் போட்டாரு. மேடம் கோவப்படவே இல்ல. அவ தங்கமான பொண்ணு, வீட்டுல ரொம்ப நெருக்கறாங்க போல, பாவம், அதான் இப்படிச் சொல்றான்னாங்க. நான் அங்க உக்காந்திருக்கேன்னு அவங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாங்க. தங்கமான பொண்ணுன்னு என்னைச் சொன்னது நிஜமாவே பிரியமாத்தான் இருந்துச்சு. அதைக் கேக்கறதுக்கு அவங்க என்னைத் திட்டியிருக்கலாம்.

ஒரு வாரம் கழிச்சுப் பதில் வந்துச்சு. மேல்முறையீடு பண்ற காலம் ஜூலை கடைசியோட முடிஞ்சிடுச்சாம். அப்படியே இல்லன்னாலும், முதல்ல ஒண்ணு சொல்லிட்டு அப்புறம் மாத்திச் சொன்ன சொந்தக்காரியோட வார்த்தையை ஏத்துக்க முடியாதாம். நீ ஷெட்டுலேருந்து சைக்கிள் எடுத்ததைப் பாத்த லாண்டரிப் பசங்களைத் தேடினேன். எல்லாரும் அவங்கவங்க ஊருக்குப் போயிட்டாங்க. ஒருத்தன் மட்டும் பதில் போட்டான். உங்க அக்கா சீக்கிரம் குணமாகணும்னு வேண்டிக்கறேன்னு.

ஜூலையில சொல்லியிருந்தா நடந்திருக்கும். கோஆர்டினேட்டரே சொன்னாரு. நான் கேக்கல, அவரா சொன்னாரு.

இதைப் பெரியப்பாவுக்கு அப்படியே படிச்சுக் காட்டு. வேற எதுக்கும் உதவலன்னாலும் அதுக்காவது உதவட்டும். இருபதாம் தேதி ஊருக்கு வர்றேன். வந்து உன்னைப் பாக்கலாமா?

தங்கச்சி


செப்டம்பர் 14

தங்கச்சிக்கு,

ஆபரேஷன் ஆச்சு. போன வாரம் முறை வந்துச்சு. திறந்து பாத்தாங்க, முடிஞ்சதைப் பண்ணினாங்க, மூடிட்டாங்க. டாக்டர் கட்டில் ஓரத்துல உக்காந்து, இனிமே வலி குறையும்மா, ஆனா மடங்காதுன்னாரு. நாற்காலியில உக்காந்தா கால் நேரா நீட்டிக்கிட்டு நிக்கும். பஸ்ல எதிர் சீட்டுக்காரங்க தடுக்கி விழுந்துட்டு, காலை மடக்கக் கூடாதான்னு திட்டுவாங்க. இப்பவே அதுக்கெல்லாம் பதில் யோசிச்சு வெச்சிருக்கேன்.

உன் மெயிலை அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். முழுசா கேட்டாரு. அப்போ நீ வேலைக்குத்தான் போனியான்னாரு. ஆமாம்பான்னேன். சரின்னாரு. எழுந்து போய், வாக்கரைத் தலைகீழாக் கவுத்துப் போட்டு, கிரீச்சுன்னு சத்தம் போட்டுட்டு இருந்த சக்கரத்தைக் கழட்டி எண்ணெய் போட்டாரு. அவருக்குத் தெரிஞ்ச மன்னிப்பு அதுதான். நானும் வாங்கிக்கிட்டேன். ஆனா ராத்திரி சாப்பிடும்போது எனக்கு ஒண்ணு தோணிச்சு. இதே வார்த்தையை நான் ஜூலையில அவர் எதிர்ல சொன்னேன். அப்ப நம்பல. உன் மெயில்ல வந்ததும் நம்பிட்டாரு. பெத்த அப்பாவுக்கே என் பேச்சுக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்திருக்கு.

நீ சொன்னது பெரிய விஷயம்னு அம்மா சொல்றாங்க. லேட்டானாலும் சொன்னாளே, அந்த மனசு யாருக்கு வரும்னு. அம்மாவுக்குத் தங்கச்சியோட பேசணும், அதுக்கு ஒரு சாக்கு வேணும். நீ சொன்ன நேரத்துல அதைச் சொல்றதுனால உனக்கு ஒரு நஷ்டமும் இல்ல, எனக்கு ஒரு லாபமும் இல்ல. அதை எதுல சேர்க்கறதுன்னு எனக்குத் தெரியல.

வராதே. கோவத்துல சொல்லல. நீ வந்தா அழுவே, நான் உன்னைச் சமாதானப்படுத்தணும். எனக்கு இப்ப அதுக்குத் தெம்பு இல்ல.


நவம்பர் 22

அக்காவுக்கு,

நீ வராதேன்னதால வரல. ரெண்டு தடவை உங்க தெருமுனை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன். பெரியம்மா ஒரு தடவை பாத்துட்டாங்க. உன்கிட்ட சொன்னாங்களா, தெரியல.

எனக்கு வேலை கிடைச்சிடுச்சு. வெளியூர்ல பெரிய ஹோட்டல், ரிசப்ஷன். அந்த சர்டிபிகேட்டைப் பாத்துத்தான் எடுத்தாங்க. அப்பா அதுல ஒரு காப்பி எடுத்து கண்ணாடிச் சட்டம் போட்டு அவரோட பாத்திரக்கடையில மாட்டியிருக்காரு. கல்யாணப் பேச்சு நின்னு போச்சு. நான் என்னவெல்லாம் வேணும்னு உன்கிட்ட சொல்லிட்டு இருப்பேனோ அதெல்லாம் கிடைச்சிருக்கு. தனி ரூம், சொந்தச் சாவி. உள்ளே வந்து கதவைச் சாத்தினா என்ன பண்றதுன்னு தெரியாம கட்டில்ல உக்காந்திருப்பேன்.

காலேஜ்லேருந்து கூப்பிட்டாங்க. அடுத்த வருஷம் இந்தத் திட்டத்துல போற பிள்ளைங்களுக்கு ஒரு கூட்டமாம், நான் வந்து பேசணுமாம். என் போட்டோ போட்டு போஸ்டர்கூட அடிச்சுட்டாங்க. கருப்புக் கோட்டோட சிரிச்சுட்டு நிக்கறேன். என்னால முடியாதுன்னு சொல்லிட்டேன். என் அக்காவைக் கூப்பிடுங்க, அவங்க பேசுவாங்கன்னு சொன்னேன். உன்னைக் கேக்காம சொன்னது தப்புதான். ஆனா அந்தப் பிள்ளைங்களுக்கு யாராவது சொல்லணும்க்கா. எழுதி வாங்காம எதையும் செய்யாதீங்கன்னு. நான் போய் நின்னா, நான் அங்க போய்ட்டு வந்து நல்லா இருக்கறதுதான் அவங்களுக்குத் தெரியும். நான் என்ன பேசினாலும் அதுதான் தெரியும்.

நீ போவியா?

தங்கச்சி


டிசம்பர் 12

தங்கச்சிக்கு,

போனேன்.

மாட்டேன்னுதான் சொல்ல இருந்தேன். அப்பா, நான் கூட்டிட்டுப் போறேன்னாரு. ஸ்கூட்டர்ல பின்னாடி உக்கார முடியாது, ஆட்டோ வெச்சுக்கிட்டோம். காலை வெளியே நீட்டிக்கிட்டு, அதை அப்பா ஒரு கையால பிடிச்சுக்கிட்டு வந்தாரு.

ஹால் நிரம்பி இருந்துச்சு. மேடையில ஏற முடியாதுன்னு கீழேயே நாற்காலி போட்டாங்க. உன் போஸ்டர் எனக்குப் பின்னாடி. உண்மையிலேயே கோட்டு உனக்குப் பெருசுதான். நான் ஒண்ணும் தயார் பண்ணிக்கிட்டுப் போகல. நடந்ததைச் சொன்னேன். காய்ச்சல், மழை, வேன், சைக்கிள், லிஸ்ட்டுல இல்லாத பேரு. ஷிப்ட் மாத்தினா ஒரு வரியாவது எழுதி வாங்குங்கன்னேன். இன்சூரன்ஸ் பத்திச் சொல்லும்போது அந்தத் திட்டத்துக்காரர் என்னைத் தடுக்கல. தலையாட்டிட்டு இருந்தாரு. இப்படி நடக்கறது ரொம்ப அபூர்வம், இருந்தாலும் நீங்க ஜாக்கிரதையா இருக்கணும்னு எனக்கப்புறம் பேசினாரு. என் கதையை அவரு ஒரு எச்சரிக்கைப் பலகையா மாத்திட்டாரு.

பிள்ளைங்க நல்லாக் கேட்டாங்க. முன் வரிசையில ஒரு பொண்ணு அழுதுட்டா. முடிஞ்சதும் நிறைய பேர் வந்து கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அந்த அழுத பொண்ணும் வந்து, உங்க தைரியம் யாருக்கும் வராதுக்கான்னா. அப்புறம் எல்லாருமா ஹாலுக்குப் பின்னாடி போனாங்க. அங்க மேஜை போட்டு விண்ணப்பம் வாங்கிட்டு இருந்தாங்க. வரிசை வராந்தா வரைக்கும் நின்னுச்சு. அழுத பொண்ணு வரிசையில மூணாவது ஆளு. என்னைப் பாத்ததும் வெக்கப்பட்டுச் சிரிச்சா. நானும் சிரிச்சேன். ஒருத்தி கூட விலகல. ஏன் விலகணும். நமக்கு முன்னாடி யாராவது வந்து இப்படி உக்காந்து சொல்லியிருந்தா நாம கேட்டிருப்போமா? பாவம்னு சொல்லிட்டு, நமக்கு அப்படி ஆகாதுன்னு நினைச்சுக்கிட்டு, நீ முன்னாடி நான் பின்னாடின்னு நின்னிருப்போம்.

கிளம்பும்போது ஒரு பொண்ணு கேட்டா. அக்கா, காய்ச்சல்ல படுத்திருந்தாங்கன்னு சொன்னீங்களே, உங்க கூட வந்தவங்க, அவங்க அப்பவே சொல்லியிருக்கலாமே, அவங்க இப்ப எங்க இருக்காங்கன்னா. பின்னாடி உன் படம். அதைத்தான் அவ பாத்துட்டு நிக்கிறா, ஆனா அவளுக்கு அது நீன்னு தெரியாது. அவ என் தங்கச்சி, சின்னப் பொண்ணு, பயந்துட்டா, இப்ப நல்ல வேலையில இருக்கான்னேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லல. உன்னை மன்னிச்சிட்டேன்னு அர்த்தம் இல்ல. அந்தப் பொண்ணு உன்னை மோசமா நினைக்கறதை என்னால அங்க நின்னு பாக்க முடியல, அவ்வளவுதான். சின்ன வயசுலேருந்து வந்த பழக்கம்.

ஆட்டோவுல திரும்பும்போது அப்பா, நல்லாப் பேசினேன்னாரு. எத்தனை பேர் சேர்ந்தாங்கன்னு கேட்டாரு. எல்லாரும்னேன்.

அடுத்த மாசத்துலேருந்து காலேஜ்லயே அக்கவுண்ட்ஸ் ஆபீஸ்ல எனக்கு வேலை தர்றாங்க. உக்காந்து பாக்கற வேலை. ஜன்னல் கிச்சன் பக்கம் திறக்குது. மூடி வெச்சுக்கலாமான்னு கேட்டிருக்கேன்.

இதுக்குப் பதில் எழுதாதே. எழுதினா நான் படிப்பேன். அதுக்காகத்தான் சொல்றேன்.

அக்கா